கொய்யா இலை வாசம்

எங்கள் ஹாஸ்டலின் பின்பக்கம் ஒரு கொய்யா மரம் நின்றது. கைக்கு எட்டும் உயரம் வரை அதில் இலையே இருக்காது. பூச்சி அரிக்கவில்லை, ஆடும் மேயவில்லை. சாயங்காலம் டீக்கடைக்குப் போய்விட்டு வரும் பையன்கள் ஆளுக்கு இரண்டு இலையைக் கிள்ளி மென்றுகொண்டே உள்ளே போவார்கள். சிகரெட் வாடையை வார்டனிடமிருந்து மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஹால்ஸுக்குக் காசு வேண்டும், மரம் சும்மா நின்றது. சேர்ந்த புதிதில் நான் மரத்துக்கு ஏதோ நோய் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது மாதம் நானும் இலை கிள்ள ஆரம்பித்திருந்தேன்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் அக்காவின் போன். "ஒன் மருமவன் என்னமோ பேனா மாரி ஒண்ண வாயில வச்சு உறிஞ்சுதான்ல. பையில இருந்து எடுத்தேன். மாம்பழ வாசம் அடிக்கி. சிகரெட்டாம்லா அது? கூடச் சேந்த பயலுவ சரியில்ல. நீ வந்து பேசு."

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்ன பேசுவது என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் சிகரெட் பிடித்திருக்கிறேன், விட்டும் பத்து வருஷம் ஆகிறது. ஏன் ஆரம்பித்தேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. எப்படி விட்டாய் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அது வேறு கதை.

ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019-லிருந்து தென்காசி. அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது பீடி சுற்றுவார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் ஆச்சியும். அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொள்வாள். நனைத்து வைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரிப்பாள். ஒரு சிட்டிகை தூளை நிரவி, ஒரு உருட்டு, நூலால் ஒரு கட்டு. ரேடியோவைக் கேட்டுக்கொண்டே, எங்களை வைதுகொண்டே, உலையில் அரிசி கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இதெல்லாம் நடக்கும். கண் சொளவில் இருக்கவே இருக்காது. ஒரு நாளைக்கு ஆயிரம். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு என்றால் நாற்பது கட்டு. வாய் மடிப்பதும் எண்ணிக் கட்டுவதும் பிள்ளைகள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அக்காவும் உட்கார்ந்துவிடுவோம். சாயங்காலம் அம்மா கொண்டுபோய்க் கொடுக்கும்போது கடையில் இருப்பவர் கையை விட்டு அளைந்து, சரியில்லாததை ஒதுக்கித் தள்ளுவார். அந்தக் கழிவில் கொஞ்சம் தாத்தாவுக்கு வரும்.

தலையணையில் புகையிலை வாசம், சோற்றுப் பானை மூடியில் புகையிலை வாசம். அம்மாவின் சேலைக்கு வேறு வாசம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த வீட்டில் இருந்தவரை ஒரு பீடியைக்கூட நான் வாயில் வைத்ததில்லை. திருட்டுத்தனமாகக்கூட இல்லை, ஆசைகூட வந்ததில்லை. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து இருமி இருமிக் குடிப்பார். வயலுக்குப் போகிறவர்கள் குடிப்பார்கள். பீடி என்றால் எனக்கு முதுமை, இருமல், வெயில். எண்ணிக் கட்ட வேண்டிய வீட்டுப்பாடம் மாதிரியும் ஒன்று. கையெட்டும் தூரத்தில் ஆயிரம் கிடந்தபோது தொடாதவன், கோயம்புத்தூர்ப் பக்கம் போய்க் காசு கொடுத்து வாங்கினேன். கிடைப்பதால்தான் பிடிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சொளவுதான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் 1990-களில் நடந்த வழக்குகளால் சிகரெட் கம்பெனிகளின் உள்விவகாரக் காகிதங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. அவற்றில் பிலிப் மாரிஸ் கம்பெனியின் ஆய்வுப் பிரிவு 1969-ல் தன் இயக்குநர்களுக்காகத் தயாரித்த ஒரு வரைவும் உண்டு. ஒருவன் ஏன் புகைக்கிறான் என்பதே அதன் விஷயம். புதிதாக ஆரம்பிப்பவனுக்குச் சிகரெட் ஓர் அடையாளச் செயல் என்கிறது அது. இனி நான் அம்மா பிள்ளை இல்லை, நான் முரட்டு ஆள், துணிந்தவன் என்று ஊருக்குச் சொல்கிறானாம். அந்த வேகம் தணியும்போது மருந்தின் வேலை தொடங்கி, பழக்கத்தைத் தாங்கிக்கொள்ளுமாம். படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா பிள்ளை இல்லை என்று காட்டுவதற்காக, அம்மா சுற்றியதை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்ற வைத்தவன் நான். என்னைப் பற்றி நான் பிறப்பதற்குப் பதினைந்து வருஷம் முன்பே ஒரு கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. அதே கம்பெனியின் 1981-ஆம் வருஷக் காகிதம் ஒன்று, இன்றைய பதின்வயதுப் பிள்ளையே நாளைய நிரந்தர வாடிக்கையாளராக வரக்கூடியவன் என்று பட்டவர்த்தனமாகவே எழுதி வைத்திருக்கிறது.

சரி, அந்த அடையாளம் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது? 1996 உலகக் கோப்பைக்குப் பெயரே வில்ஸ் உலகக் கோப்பை. எனக்குப் பன்னிரண்டு வயது. பெங்களூரில் பாகிஸ்தானோடு நடந்த காலிறுதியைப் பஞ்சாயத்து டிவியில் பார்த்தோம். அந்த வருஷங்களில் இந்திய அணியின் சட்டையிலேயே அந்தப் பெயர் இருந்தது. பனியனில் ஸ்கெட்ச் பேனாவால் அதை எழுதிக்கொண்டு நாங்கள் குளத்தாங்கரையில் விளையாடினோம். அது சிகரெட்டின் பெயர் என்று தெரியும், ஆனால் சிகரெட்டாகத் தெரியவில்லை. சச்சினாகத்தான் தெரிந்தது. எந்த வாத்தியாரும் அழிக்கச் சொல்லவில்லை. 2003 சட்டம் இந்த மாதிரி விளம்பரங்களுக்கு முடிவு கட்டியது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அது கொஞ்சம் தாமதம்.

அப்புறம் சினிமா. ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிப்பதைச் செய்து பார்க்காத பையன் எங்கள் வகுப்பில் இல்லை. சாக்பீஸில் பழகினோம். நுனியில் சிவப்புப் பூசிய சிகரெட் மிட்டாய் கிடைத்தபோது அதில் பழகினோம். மிட்டாயை நக்கித் தின்னாமல் விரலிடுக்கில் வைத்து, ஊதி, பிறகு தின்போம். சினிமா பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும், சினிமாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றாலும் வரும். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் பத்து முதல் பதினான்கு வயதான, அதுவரை சிகரெட்டைத் தொடாத இரண்டாயிரத்து அறுநூறு பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தது. பிறகு முயன்று பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரின் தொடக்கத்துக்குப் படங்களில் பார்த்த புகையே காரணம் என்று கணக்கிட்டது. என் அனுபவத்தில் சினிமா யார் கையிலும் சிகரெட்டைத் திணிக்கவில்லை. பிடிப்பது எப்படி என்று கைக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டது. முதல் சிகரெட்டை வாங்கியபோது எனக்குத் தடுமாற்றமே இல்லை. விரல் தானாகப் போய் சரியான இடத்தில் நின்றது. நெஞ்சுக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அந்த முதல் நாளைச் சொல்ல வேண்டும்.

2001. தமிழ் மீடியத்திலிருந்து நேரே இன்ஜினியரிங். வகுப்பில் நடப்பது பாதி புரியாது. புரியாததைக் கேட்க இங்கிலீஷ் வராது. மெஸ்ஸில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்துவிடுவேன். ரூமில் இருந்த இன்னொருவன் ஊட்டியில் போர்டிங் ஸ்கூலில் படித்தவன். திமிர் பிடித்தவனாக இருப்பான் என்று நினைத்தேன். அவனோ தினம் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். முதல் இன்டர்னலில் நான் தேறியது அவனால்தான். கெட்ட சகவாசம் என்று அக்கா சொல்லும்போது எனக்கு அவன் முகம்தான் வருகிறது. அவ்வளவு நல்ல சகவாசம் அதற்கப்புறம் எனக்கு அமையவில்லை.

இன்டர்னல் மார்க் வந்த சாயங்காலம், "டேய், வாடா, டீ" என்றான். காலேஜ் கேட்டுக்கு வெளியே, சாலையைத் தாண்டினால் டீக்கடை. நூறு தப்படிகூட இருக்காது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்ற விதி நான் கடைசி வருஷம் படிக்கும்போதுதான் வந்தது. வந்த பிறகும் கடை அங்கேயேதான் இருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதில்லை என்ற பலகை மட்டும் புதிதாக வந்து, தேங்காய் பன் பாட்டிலுக்குப் பின்னால் பாதி மறைந்து தொங்கியது. கம்பத்தில் கயிறு ஒன்று கனன்றுகொண்டே இருக்கும், பற்ற வைப்பதற்கு.

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். இரண்டு சீனியர்கள், எங்கள் வகுப்பில் இரண்டு பேர். அவன் போய் உட்கார்ந்துவிட்டான். நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே சிகரெட் கை மாறிக்கொண்டிருந்தது. சீனியர்களில் ஒருவர் நகர்ந்தார். அவர் நகர்ந்ததும் பக்கத்தில் இருந்தவனும் நகர்ந்தான். ஒரு ஆள் உட்காருகிற அளவு பலகை தெரிந்தது. உட்கார்ந்தேன். சுற்றி வந்த சிகரெட் என்னிடமும் வந்தது. யாரும் "அடிடா" என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றிருந்தால் தாண்டிப் போயிருக்கும், யாரும் சிரித்திருக்கவும் மாட்டார்கள். வாங்கினேன்.

இருமல், கண்ணில் தண்ணீர், தலை கிறுகிறுத்தது. டீ கசந்தது. யாருக்குமே முதல் சிகரெட் ருசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இன்றைக்கும் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் புகை நினைவுக்கு வருவதில்லை. அந்த ஆள் நகர்ந்ததும், தெரிந்த அந்தப் பலகையும்தான்.

அதன் பிறகு ஒரு மாதம் நான் தனியாகப் பிடித்ததே இல்லை, வாங்கியதும் இல்லை. வந்தால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். இது பழக்கம் இல்லை என்று முழுமனதாக நம்பினேன். எப்போது அது மாறியது என்றும் தெரியும். தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பெட்டிக்கடை வரை போய் ஒற்றைச் சிகரெட் வாங்கினேன். அங்கே பெஞ்சும் இல்லை, நண்பனும் இல்லை. அடையாளம் முடிந்து மருந்து தொடங்குகிற இடம் என்று அந்தக் காகிதம் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. இழுத்த நிக்கோடின் மூளைக்குப் போக இருபது விநாடிகூட ஆகாது. பதினேழு பதினெட்டு வயதில் மூளையே இன்னும் கட்டுமான வேலையில்தான் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளைச் சேர்த்து லண்டன் ஆய்வாளர்கள் பார்த்ததில், ஒரு சிகரெட்டாவது முயன்று பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொஞ்ச காலமாவது தினமும் பிடிப்பவர்களாக ஆகியிருக்கிறார்கள். 'சும்மா ஒண்ணு' என்று சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

அந்த லீவில் வீட்டுக்குள் போகும் முன் பழக்க தோஷத்தில் பக்கத்து வீட்டுக் கொய்யாவில் இரண்டு இலை கிள்ளி மென்றேன். யோசித்தால் அது முட்டாள்தனம். முப்பது வருஷம் புகையிலைத் தூளில் கையை வைத்தவள் மூக்கில் என் சிகரெட் எங்கே படப் போகிறது? அம்மா சொளவிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏல, வாயில என்ன கொய்யா எல மணக்கு?"

"பல்லு வலிம்மா."

ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். நம்பினாளா, நம்பியது போல் இருந்தாளா, இன்றுவரை கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கூச்சம்தான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நல நிதியிலிருந்து படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அம்மாவின் பீடி அட்டையைக் காட்டி வாங்குவது. எங்கள் ஊரில் அதற்குப் 'பீடி ஸ்காலர்ஷிப்' என்றே பெயர். வருஷத்துக்கு ஒருமுறை வரும். புத்தகம், பரீட்சைக் கட்டணம் போக மிச்சமிருந்தது எங்கே போனது என்று அந்த டீக்கடை நோட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என் பெயருக்கு நேரே டீ ஒரு வரிசை, சிகரெட் ஒரு வரிசை, இரண்டாவது வரிசைதான் நீளம்.

கடன் நோட்டும் ஒற்றைச் சிகரெட்டும்தான் இதில் பெரிய ஆட்கள் என்பது என் கட்சி. 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடம் எச்சரிக்கைப் படத்துக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பையன் பாக்கெட் எங்கே வாங்குகிறான்? கடைக்காரர் பெட்டியிலிருந்து உருவிக் கொடுப்பது ஒரே ஒரு வெள்ளைக் குச்சி, அதில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை. வரி ஏற்றினாலும் பாக்கெட் விலைதான் மலைக்க வைக்கும், ஒற்றை சில்லறைக்குள் அடங்கிவிடும். தியேட்டரில் 2012-லிருந்து படத்துக்கு முன்னால் ஓடும் அந்தப் பயமுறுத்தல் படங்களைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பதைக் கவனித்திருக்கிறேன். அவற்றில் படுக்கையில் கிடப்பவர் அவர்களுக்குத் தாத்தா மாதிரித் தெரிகிறார். அடுத்த பத்தாவது நிமிஷம் திரையில் பற்ற வைப்பவன் அவர்களே மாதிரித் தெரிகிறான், கீழே மூலையில் பொடி எழுத்தில் என்ன ஓடினாலும்.

எல்லாருக்கும் காலேஜில்தான் தொடங்குகிறது என்றும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் 2019-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் 13 முதல் 15 வயதில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்த பிள்ளைகளில் 38 சதவீதம் பேர் பத்து வயது முடியும் முன்பே தொட்டுவிட்டவர்கள். அந்த வயதில் அது அடையாளமாக இருக்க முடியாது. அப்பா கீழே போட்டதை எடுத்து இழுத்துப் பார்ப்பதாகத்தான் இருக்கும். மறுபக்கம், வேலைக்குப் போன பிறகு ஆரம்பித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். சென்னையில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் யாருக்கு எந்த ப்ராஜெக்ட் என்பது மீட்டிங்கில் முடிவாகாது, பார்க்கிங்கின் பின்னால் புகைக்கிற மூலையில்தான் முடிவாகும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இரண்டு வருஷம் அந்த மூலைக்கு வெறும் காபி கப்போடு வந்து நின்றாள். மூன்றாவது வருஷம் கையில் சிகரெட் இருந்தது. பெண்கள் பிடித்தால் சுதந்திரம் என்று 1929-ல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்க விட்டு விளம்பரம் தேடிய எட்வர்ட் பெர்னேஸுக்குக்கூட இது தோன்றியிருக்காது. அவளுக்குச் சுதந்திரம் வேண்டியிருக்கவில்லை, திங்கட்கிழமை என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தால் போதும்.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அக்கா அந்தச் சாமானை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள், ஏதோ நகை மாதிரி. பச்சை நிறத்தில், எழுத்துக்கு மேல் கோடு போடும் கலர்ப் பேனா போலவே இருந்தது. இ-சிகரெட்டை 2019-லேயே நாடு முழுக்கத் தடை செய்தாகிவிட்டது. விற்றால் முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆலங்குளத்தில் பிளஸ் ஒன் படிக்கிறவன் பையில் அது கிடக்கிறது.

அவனைக் கூட்டிக்கொண்டு குளத்தாங்கரைப் பக்கம் நடந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"இதுல பொகையில கெடயாது மாமா. ஆவிதான்."

"நிக்கோடின்?"

பதில் இல்லை.

"எவ்வளவுல இது?"

"நாலு பேரு சேந்து வாங்கினோம். ஆளுக்கு ஒரு நா வீட்டுல வச்சிருப்போம். அன்னைக்கு என் மொற."

சீட்டு பிடிப்பது மாதிரி. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நல்லாருக்கால அது?"

"மொத நாளு இருமல்தான் மாமா வந்துச்சி."

"பொறவு என்னத்துக்கு?"

கொஞ்ச தூரம் சும்மா நடந்தான். ஒரு கல்லை எத்தினான். அப்புறம் சொன்னான்: "டியூசன் முடிஞ்சி அவனுவ மூணு பேரும் பஸ் ஸ்டாண்டு பின்னால நிப்பானுவ. நான் மட்டும் நேரா வீட்டுக்கு வந்துருவேன். மறுநா கிளாஸ்ல எதையாவது நெனச்சுச் சிரிப்பானுவ. எதுக்குச் சிரிக்கானுவன்னு எனக்கு மட்டும் தெரியாது."

நான் வரிசைப்படுத்தி வைத்திருந்த எதுவும் இதற்குப் பதில் இல்லை.

"இப்பத் தெரியுமா, எதுக்குச் சிரிக்கானுவன்னு?"

"தெரியும் மாமா. பெருசா ஒண்ணும் இல்ல."

அவனிடம் கொய்யா மரக் கதையைச் சொன்னேன், பெஞ்சைப் பற்றிச் சொன்னேன், ஸ்காலர்ஷிப் கதையையும் சொன்னேன். அவன் ஆச்சி, அதாவது என் அம்மா, கிராம்பு கொடுத்ததைக் கேட்டு நன்றாகச் சிரித்தான். இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியமெல்லாம் வாங்கவில்லை. நானே அப்படி எத்தனை செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

சாமானை அக்கா என்னிடமே கொடுத்தனுப்பினாள். பஸ்ஸில் சென்னை வரும்வரை என் பை மாம்பழக் கடை மாதிரி மணத்தது. குப்பையில் போடலாம் என்றால் எவனாவது எடுத்துவிடுவானோ என்று மேசை டிராயரில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி மருமகனிடமிருந்து வாட்ஸாப் வந்தது: "மாமா, மத்த மூணு பேரும் அவங்க பங்கு காச திருப்பிக் கேக்காங்க. என்ன சொல்ல?"